சூடான காற்றுக்கு ஒரு குழாய்

ஜூன் 8, ஞாயிறு

விமானம் முடிந்துவிட்டது. சில்லறை வேலை இன்னும் ஒரு பக்கம் கிடக்கிறது, ஆனால் இனி யாரும் வந்து பார்த்து இது படகா, கட்டிலா என்று கேட்கமாட்டார்கள். மூன்று வருடமாகக் கேட்டார்கள்.

விவரத்தைக் குறித்து வைக்கிறேன், பின்னால் எவனாவது சண்டைக்கு வந்தால் உதவும். ஒற்றை இருக்கை. மரச்சட்டம், மேலே துணி. கார் என்ஜினை மாற்றி அமைத்தது. வரைபடம் கனடாக்காரர் ஒருவருடையது. செய்தது நான், குகன். கோவையில் பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். ஆறு நாள் பம்ப், ஏழாம் நாள் இது. ஓட்டப்போகிறவள் என் அக்கா கோகிலவாணி. கல்யாணத்துக்கு முன் விமானப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தவள். போன மாதம் சேலத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மறுபடி கை பழகி வந்தாள். இடம் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் மச்சானுடையது. ஆனைமலைப் பக்கம் அவருடைய தோப்பில், கிழட்டுத் தென்னைகளை வெட்டிய பிறகு நீளவாக்கில் ஒரு துண்டு சும்மா கிடந்தது. அதுதான் ஓடுபாதை. அது முடிகிற இடத்திலிருந்து மலையடிவாரம் வரை தென்னை, தென்னை, தென்னை. மேலே ஏறியதும் என்ஜின் நின்றால் இறங்க இடமே இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நிக்காத என்ஜினாச் செய்யி" என்றாள்.

முதல் பறப்பு ஆனி மாதத்துக்குள். ஆடி பிறந்தால் மச்சானின் அம்மா விடமாட்டார். "ஆடியில புதுசா ஒரு வெளக்கமாறு கூட வாங்கறதில்ல, நீ ஆகாசத்துக்கே போறங்கறயே அம்மிணி" என்று அக்காவிடம் சொல்லிவிட்டாராம். எனக்கு இந்த மாதக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற காற்றில் இந்த எடையை மேலே ஏற்றக்கூடாது என்பது உண்மை. எனவே வாதாடவில்லை.

மதியம் என்ஜினை ஓட்டினோம். தையல் மிஷின் மாதிரி ஓடியது.

ஜூன் 9, திங்கள்

பம்ப்.

ஜூன் 11, புதன்

எடைக் கணக்கை மறுபடி போட்டேன். வரைபடத்துக்கு மேல் கூடவில்லை. கடைசித் தாளில் இருந்த ஒரு சமாச்சாரத்தை நீக்கியதால்தான்.

அது இதுதான். புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. அதற்குள் சூடாகும் காற்றை ஒரு வளையும் குழாய், பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரின் வாயிலுக்குக் கொண்டுபோகும். ஓட்டுகிறவர் ஒரு குமிழை இழுத்தால் குளிர்ந்த காற்றுக்குப் பதில் அந்தச் சூடான காற்று உள்ளே போகும். எதற்கு? கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்காமல் இருக்க. கனடாக்காரன் கவலை. நாங்கள் மூன்று பேரும் போன வருடமே சிரித்துத் தள்ளிவிட்டோம். "ஆனைமலையில ஐஸு வேணும்னா பொள்ளாச்சி போயித்தான் வாங்கோணும்" என்றார் மச்சான். அக்கா பயிற்சி விமானங்களில் அந்தக் குமிழைப் பழக்கத்துக்கு இழுத்திருக்கிறாள். ஒருநாளும் ஐஸைப் பார்த்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இதுதான் வலுவானது. தோப்பின் ஓரத்தில் மச்சானின் மஞ்சி மில் ஓடுகிறது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மில். காற்றில் எந்நேரமும் மஞ்சித் தூசி. சூடான காற்று வடிகட்டி வழியாக வராது, நேராக என்ஜினுக்குள் போகும். தூசியும் கூடவே போகும். ஆகவே நீக்கியது சரி.

ஜூன் 15, ஞாயிறு

சரியில்லை. காலையில் சாரல். அக்கா தரையில் மட்டும் உருட்டிப் பார்த்தாள். பாதி தூரத்தில் என்ஜின் இருமியது. அவள் கையை அசைக்கவேயில்லை, வேகம் தானாக இறங்கி இறங்கி நின்றேபோனது. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினேன். சுத்தம். பெட்ரோலில் தண்ணீரா? இல்லை. எல்லாவற்றையும் பூட்டி மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது.

"உன்ன மாதிரியேதான்டா. காலையில எந்திரிச்சா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது, மத்தியானம் தானாச் சரியாயிருது" என்றாள் அக்கா.

பழுது என்று ஒன்று இருந்தால் அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அதுதானே மரியாதை?

ஜூன் 22, ஞாயிறு

அதே கதை. காலையில் நின்றது, மதியம் ஓடியது. டேங்கின் காற்றுத் துளை, பெட்ரோல் குழாய், காந்தச் சுருள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தேடப் போனால் இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்துக்கொண்டு பொள்ளாச்சியில் இறங்கி மாற மறந்து டிப்போ வரை போய்விட்டேன்.

தடயத்தைத் தானே அழித்துவிட்டுப் போகிற பழுது. எது அப்படி?

ஜூன் 29, ஞாயிறு

கிடைத்தது!

என்ஜின் மூடியில் கை நுழைகிற அளவு ஒரு கதவு வெட்டி வைத்திருந்தேன். என்ஜின் நின்ற நொடியே ஓடினேன். கையை உள்ளே விட்டால் ஒரு பக்கம் சிலிண்டர் கொதிக்கிறது, அதற்கு ஒரு சாண் தள்ளி கார்புரேட்டர் சோடா பாட்டில் மாதிரி வியர்த்துக் குளிர்ந்து கிடக்கிறது. டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடியும் வைத்து உள்ளே பார்த்தேன். காற்றை அடைக்கும் தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம்.

"அக்கா! ஐஸ்!"

அவள் பெல்ட்டைக் கழற்றி இறங்கி வருவதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் மிச்சம்.

"எங்கடா?"

"இருந்துச்சு."

"ஆமாமா, இருந்துச்சு."

மறுபடி ஓட்டி மறுபடி நிற்க வைத்தோம். இந்த முறை மச்சான் முந்திக்கொண்டு விரலை விட்டுச் சுரண்டி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா அம்மிணி. இனிப் பொள்ளாச்சி போக வேண்டியதில்ல."

மூன்று பேரும் அது கரைவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரணம் எளிது, எனக்குத்தான் உறைக்கவில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குறுகிய வழியில் காற்று பாயும்போது இன்னும் குளிர்கிறது. வெளியே இருபத்து நான்கு டிகிரி இருந்தாலும் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதற்கு வேண்டியது குளிர் இல்லை, ஈரம். கனடாவின் காய்ந்த குளிரை விட ஆனைமலைச் சாரல் மோசம். நாங்கள் வெப்பமான ஊர் என்று நினைத்து நீக்கினோம். வரைபடக்காரன் எங்களுக்காகவே போட்டிருக்கிறான்.

இது ஓடுபாதையில் நடந்தது. தென்னைக்கு மேலே நடந்தால்? இதற்கு மேல் எழுதவில்லை.

ஜூலை 2, புதன்

தகர உறை செய்ய ஒரு நாள் போதும். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாற்றிவிடுகிற பெட்டி வெட்ட இன்னொரு நாள். குழாய்தான் பிரச்சினை. என்ஜின் ஆடும், கார்புரேட்டர் தனியாக ஆடும், நடுவே வளைந்து கொடுக்கிற குழாய் வேண்டும். சூடு தாங்க வேண்டும். லேசாக இருக்க வேண்டும். ஒரு சின்னக் குழாயில் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆபீஸில் பம்ப் வரைபடத்தின் ஓரத்தில் குழாய் வரைந்துகொண்டிருந்தேன், மேனேஜர் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 6, ஞாயிறு

மூன்று வகை வாங்கினேன். கிணற்று மோட்டாருக்குப் போடும் பச்சை பிளாஸ்டிக் குழாய். லாரி ரேடியேட்டர் ரப்பர் குழாய். சமையலறைச் சிம்னியில் புகை போகிற அலுமினியத் தகட்டுக் குழாய்.

நேற்றே கம்பெனியில் பெயின்ட் உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். பச்சை, சேமியா ஆகிவிட்டது. லாரிக் குழாய் தாங்கியது, ஆனால் விறைப்பு. என்ஜின் ஆடும்போது கார்புரேட்டரைப் பிடித்து இழுக்கும். சிம்னிக் குழாய்க்கு அடுப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, எடையும் இல்லை.

அடுத்து அதிர்வு. இதற்கு உலகத்திலேயே சிறந்த கருவி மச்சானிடம் இருக்கிறது: மில்லில் நாரையும் தூசியையும் பிரிக்கிற சல்லடை. ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் பல் ஆடும். சிம்னிக் குழாயை அதில் கட்டிவிட்டேன்.

"மாப்ளை, நாருல தகரம் கலந்து போச்சுன்னா கயிறு வாங்கறவன் என்னயத்தான் கட்டிப் போடுவான்."

"கலக்காதுங்க மச்சான்."

ஜூலை 10, வியாழன்

மச்சான் போன் செய்தார். கலந்துவிட்டது. மூன்றாம் நாள் மடிப்பில் கீறி, தகடு செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. அந்தச் செதில் போகிற இடம் கார்புரேட்டரின் தொண்டை.

பெங்களூரில் விமானப் பொருள் விற்கிறவர் ஒருவரிடம் இதற்கென்றே செய்த குழாய் இருக்கிறதாம். அனுப்பப் பத்து நாளாகும். அதற்குள் ஆடி பிறந்துவிடும்.

ஜூலை 12, சனி

லீவு போட்டுப் போனேன். அக்கா ஓடுபாதையில் நடந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பறப்பதென்று முடிவே செய்துவிட்டாள்.

"சிம்னிக் குழாயே போடு. புதுசா ஒண்ணு."

"அது ஒடையும்."

"சல்லடையில மூணு நாள் தாங்குச்சில்ல? எனக்கு ஒரே ஒரு சுத்து, பத்து நிமிஷம்."

"மூணாம் நாளு எந்த நிமிஷத்துல ஒடஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நாளைய விட்டா ஆவணி. ஆவணியில வேற ஒண்ணு வரும். மாமியாருக்கு முழங்கால், பாப்பாவுக்குப் பரீச்சை, மில்லுல ஆளில்ல. ஒவ்வொரு மாசமாத் தள்ளித் தள்ளித்தான்டா ஆறு வருஷமா நான் தரையில நிக்கறேன்."

"அதுக்கு?"

"அதுக்கா? போடா."

 குழாயைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போனதும் கார்புரேட்டரைக் கழற்றினேன். சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பெட்ரோல் நாற்றம் என்று கண்டக்டரைக் கூப்பிட்டார். மருந்தடிக்கிற மோட்டார் பாகம் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் அக்கா போன் செய்தாள்.

"எங்கடா அது?"

"சுத்தம் பண்ணறேன்."

"போன வாரந்தான பண்ணுன?"

"மறுபடி."

 "திருட்டு நாயே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கார்புரேட்டர் சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி சுத்தம் செய்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அக்கா போனை எடுப்பதில்லை. மச்சான் எடுத்தார்.

"தட்டுல சோத்தப் போடறாளா, அடிக்கறாளான்னே தெரியல. எனக்கு விழுகறதுல பாதி உன்ற பங்கு மாப்ளை, வந்து வாங்கிட்டுப் போயிரு. ஆடிக் காத்துல அம்மியே பறக்குதாம், என்ற வீட்டுக்காரியப் பறக்க விடாமப் பண்ணிட்டயே."

"குழாய் வரட்டுங்க மச்சான்."

"குழாயாமா, குழாய்."

ஜூலை 21, திங்கள்

வந்துவிட்டது. கேசரி நிறம். கண்ணாடி இழைத் துணியில் சிலிக்கோன் ரப்பர் பூசி, கம்பிச் சுருள் வைத்தது. நீட்டினால் நீள்கிறது, மடக்கினால் மடங்குகிறது, விட்டால் தன் இடத்துக்கு வருகிறது. ஆபீஸில் மேஜை மேல் வைத்திருந்தேன், வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒருமுறை அமுக்கிவிட்டுப் போனான்.

இரண்டு வகை அனுப்பியிருக்கிறார். ஒற்றைத் துணி, அதில் கம்பி உள்பக்கம் தெரிகிறது. இரட்டைத் துணி, கம்பி இரண்டுக்கும் நடுவே மறைந்து உள்ளே வழுவழுவென்றிருக்கிறது. எது நல்லது என்று போனில் கேட்டேன்.

"எல்லாரும் டபுள்தான் சார் வாங்குவாங்க."

"ஏன்?"

"எல்லாரும் வாங்கறதுனாலதான் சார்."

ஜூலை 26, சனி

சூடும் அதிர்வும் மட்டும் பார்த்தால் போதாது. பம்ப் டிசைன் செய்கிறவன் நான், இது எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். தள்ளுகிற பக்கக் குழாய் வேறு, உறிஞ்சுகிற பக்கக் குழாய் வேறு. தள்ளினால் குழாய் உப்பும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சினால் உள்ளுக்குள் ஒட்டும். கார்புரேட்டர் உறிஞ்சுகிறது.

இரண்டு குழாயையும் வரைபடத்தில் இருக்கிற மாதிரி வளைத்து அடுப்பில் வைத்து, மச்சானுக்குப் பார்சல் அனுப்பிச் சல்லடையில் கட்டச் சொல்லி, திருப்பி வாங்கி, டெஸ்டிங் பிரிவில் வாக்குவம் பம்ப்பில் மாட்டிவிட்டேன். மச்சான் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தார்: "அவ கட்டுனா. நான் கட்டல."

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒற்றை: வெட்டிய முனையில் கம்பி துணியை விட்டு விலகி, மீன்முள் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. உடைந்தால் நேராக என்ஜினுக்குள்.

இரட்டை: வெளியே தடவிப் பார்த்தால் புத்தம்புதுசு. ஆனால் காற்று பாதிதான் வருகிறது. அறுத்துப் பார்த்தேன். வளைவில் உள்துணி உரிந்து, நாக்குப் போலக் குறுக்கே கிடக்கிறது.

இரண்டுமே தோற்கும். அப்படியென்றால் கேள்வி எது நல்லது என்பதல்ல. எது எங்கே எப்படித் தோற்கிறது என்பது. இன்று முழுக்க இதே யோசனை, சாப்பிட மறந்தேன். உள்துணி உரிந்தது வளைவில் மட்டும். நேரான பகுதியில் ஒரு கீறலும் இல்லை. அப்படியானால் வளைவே இல்லாமல் செய்தால்? தகர உறையை எதிர்ப்பக்கப் புகைக்குழாய்க்கு மாற்றினால் கார்புரேட்டருக்கு நேர் எதிரே வரும். சின்னதாக, நேராக ஓர் இரட்டைத் துணிக் குழாய். ஒரு முனையைக் கழற்றி டார்ச் அடித்தால் மறுமுனை வரை தெரியும். ஒவ்வொரு முறையும் பார்க்கலாம்.

செய்த உறையைத் தூக்கிப் போட வேண்டும். போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கார்புரேட்டரோடு போனேன். அக்கா வீட்டை விட்டு வரவில்லை. மச்சான்தான் ரிவெட் அடிக்கும்போது பிடித்தார், அதுவும் தப்பாக. மதியத்துக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. அறுத்த குழாய்த் துண்டு பெஞ்சில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அந்த நாக்கைச் சுண்டுவிரலால் தூக்கினாள், விட்டாள், தூக்கினாள்.

"இது வெளிய தெரியாதா?"

"தெரியாது."

"சிம்னிக் குழாயும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"அதவிட மோசம்."

துண்டைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தாள். சரியாகப் பிடித்தாள்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லடா? பயமா இருக்குதுக்கான்னு."

"பயமெல்லாம் இல்ல. குழாய் சரியில்ல."

"சரி. குழாய் சரியில்ல."

மச்சான் எதற்கோ சிரித்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல சாரல். விமானத்தைக் கயிறு போட்டு மரத்தில் கட்டி ஓட்டினோம். வேகம் தானாக இறங்கத் தொடங்கியது. குமிழை இழு என்று அக்காவுக்குச் சைகை காட்டினேன். இழுத்தாள்.

மோசமாகிவிட்டது. இருமல், குலுக்கல், நின்றுபோகிற மாதிரி. குமிழைத் திருப்பித் தள்ளக் கை போவதைப் பார்த்தேன். "தள்ளாதே!" என்று கத்தினேன், கேட்டதோ இல்லையோ, தள்ளவில்லை. கரைகிற ஐஸ் தண்ணீராக உள்ளே போகிறது, என்ஜின் அதைக் குடித்துத் தீர்க்க வேண்டும். அதுவரை பொறுக்க வேண்டும். பிறகு ஒரு செருமல், சத்தம் தெளிந்து மேலே ஏறியது.

"சரியாகறதுக்கு முன்னால கெட்டுப் போகும்னு ஏன்டா மொதல்லயே சொல்லல?"

படித்திருந்தேன். இவ்வளவு கெடும் என்று படித்ததில் இல்லை.

தூசி விஷயத்துக்கு மச்சானே வழி சொன்னார். பறக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலமே மில்லை நிறுத்திவிடுவார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி. அக்கா பயந்த மாதிரி வேறு ஒன்றும் குறுக்கே வரவில்லை. அக்காவின் மாமியாரே தேங்காய் சுற்றி உடைத்தார். மில் நேற்றே நின்றுவிட்டது. மரத்தில் கிளி கத்துவது கேட்டது, இங்கே அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. லேசான சாரல். குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துப் பூட்டினேன். அக்காவும் பார்த்தாள்.

ஓடினாள். ஏறினாள். தென்னைக்கு மேலே போனாள்.

ஒரு சுற்று. வேகம், உயரம், என்ஜின் சத்தம் எல்லாம் குறிக்க ஒரு பலகையில் தாள் செருகி வைத்திருந்தேன். இப்போது பார்க்கிறேன், புறப்பட்ட நேரம் மட்டும் இருக்கிறது. மழையில் பேனா எழுதவில்லை போல.

இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தாள். தோப்பின் அந்தப் பக்கம், மலைக்கு நேராக. சத்தம் இறங்கியது. அவள் குறைத்ததற்கும் கீழே இறங்கியது. பிறகு இருமியது. மச்சான் என்னைப் பார்த்தார். "குமிழை இழுத்திருக்கா, அதான்" என்றேன். மறுபடி இருமியது. விமானம் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது, சத்தம் மட்டும்தான். "கெட்டுத்தான் சரியாகும்" என்றேன்.  ஒரு செருமல். தெளிந்தது. தென்னை மட்டைகளுக்கு மேலே வெள்ளையாக இறக்கை தெரிந்தது.

இறங்கினாள். உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். இருக்கையை விட்டு எழவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். நான் போய் விமானத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"குமிழை இழுத்ததும் ஆர்பிஎம் எவ்வளவு இறங்குச்சு?"

"அடப்பாவி. ஆறு வருஷம் கழிச்சுத் தனியா ஆகாசத்துக்குப் போயிட்டு வந்திருக்கறேன். நல்லாருக்கியாக்கான்னு ஒரு வார்த்தை கேளுடா."

கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினேன்.

"என்ன மாப்ளை?"

"தொண்டையில மஞ்சித் தூசிங்க மச்சான்."

"மில்லுதான் நேத்தே நிறுத்தியாச்சே."

முந்தாநாள் தூசி என்றேன்.